மணிக்கட்டில் வைத்த ஊதாக் குறி

என் பிரியமுள்ள மருதமுத்து அண்ணனுக்கு,

நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. சக்குபள்ளத்தில் இன்றைக்கும் மழைதான். பள்ளிக்கூடக் கூரையில் நீங்கள் ஏறிப் புல் சொருகிய மூலை மட்டும் ஒழுகவில்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த மூலையில்தான் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நல்ல சேதி ஏதாவது இருந்தால் முதலில் சொல்லலாம் என்று காலையிலிருந்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நாம் வெட்டிச் சமன் செய்த மைதானத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் கிளித்தட்டு ஆடக் கோடு கிழித்த இடத்தில் விறகு அடுக்கியிருக்கிறது. உங்கள் மருந்து அறைக்குப் புது டிரஸ்ஸர் வாரம் ஒரு நாள் வருகிறார், பெஞ்சில் உட்கார்ந்து பீடி குடிக்கிறார், போய்விடுகிறார். பிள்ளைகளின் வயிறு பழையபடி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது.

இது உங்களுக்கு எழுதும் கடிதம்தான். ஆனாலும் அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். உங்கள் மேல் பழி விழுந்தது நாலு பேர் முன்னால். அதை எடுப்பவன் மட்டும் காதோடு ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தால் சரியா?

அறியாதவர்களும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எஸ்டேட் டிரஸ்ஸர், புண்ணுக்குக் கட்டுப் போட்டுக் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவர். நான் லயத்துப் பிள்ளைகளின் வாத்தியார். கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி ஏலத்தோட்ட வேலைக்கு வந்து, லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருக்கும் சனங்களின் பிள்ளைகள் அவர்கள். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தி, அடுப்புப் புகைக்குள்ளேயே வளர்ந்தவர்கள். விட்டு விட்டு வரும் மலைக்காய்ச்சலில் இடப்பக்க விலாவுக்குக் கீழே கட்டி விழுந்துவிடும். அதற்குச் சூடு போடுவதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாத லயம் அது.

ஒரு நாள் என் வகுப்புக்குள் வந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள். "என்னய்யா சுப்பையா, புள்ளைகள ஊறுகா போட்டு வெச்சிருக்க?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "பாட்டில்ல பாதி மருந்துதேன் இருக்கு. மிச்சம் வெளிய வெயில்ல கெடக்கு. சாயங்காலம் ஒரு மணி நேரம் தொறந்து விடு" என்றீர்கள். இத்தனை பெரிய தொந்தியை வைத்துக்கொண்டு மனுசன் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று அன்றைக்கு எனக்குச் சிரிப்பு.

நாலு மணிக்கு மணி அடிக்கும். பிள்ளைகள் வரிசையில் வந்து, காய்ச்சலுக்கான கொயினா மருந்தை விழுங்கி, முகத்தைச் சுளித்து, நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். நீங்கள் வயிற்றை அமுக்கிப் பார்ப்பீர்கள். கட்டி இருந்தால், புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைத் தொட்டு இடது மணிக்கட்டில் ஒரு குறி. குறி இருக்கிற பிள்ளை ஓடக் கூடாது. ஆட்டத்துக்குக் கோடு பார்க்கலாம், தட்டாங்கல் ஆடலாம், கத்தலாம். குறி இல்லாத பிள்ளைக்கு மைதானம் முழுக்கச் சொந்தம்.

ஞாயிற்றுக்கிழமை தாய் தகப்பன்மாரையும் இழுத்து வந்தீர்களே! புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொண்டு, அட்டைக் கடிக்கு அஞ்சாமல் வடம் இழுத்தார்கள். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பிளைகள் ஒரு பக்கம். ஆம்பிளைகள் ஜெயிக்கப் போகும்போதெல்லாம் நீங்கள் ஓடிப் போய்ப் பொம்பிளைகள் பக்கம் வடத்தின் நுனியில் உட்கார்ந்துவிடுவீர்கள். "டிரஸ்ஸரு வயித்துலயும் கட்டி இருக்கு, அவருக்கும் குறி வையிங்கய்யா" என்று காமாயி கத்துவாள். காமாயி அப்படிச் சிரித்து நான் பிறகு பார்க்கவில்லை.

குறி வைக்கத் தொடங்கிய முதல் நாள் என்னிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தீர்கள். "கட்டி இருக்குற புள்ள வயித்துல லேசா அடி பட்டாலும் உள்ள ஒடஞ்சு போயிரும். இந்தக் குறி எதுக்குன்னு லயத்துல பொம்பளைகளுக்கு நீ எடுத்துச் சொல்லிரு. நாஞ் சொன்னா வைத்தியம்னு பயப்படுவாக, வாத்தியாரு சொன்னா கேப்பாக." சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத்தான் தெரியுமே, வீட்டில் போய்ச் சொல்ல மாட்டார்களா என்று விட்டுவிட்டேன்.

இனி எழுதப்போவதை இந்த இரண்டு வருடமாக மனத்துக்குள் எழுதி எழுதிக் கிழித்திருக்கிறேன்.

காமாயி மகள் வெள்ளையம்மாளை உங்களுக்கு மறக்காது. எட்டு வயசு, வெடவெடவென்று உயரம், வாய் மட்டும் ஓயாது. மாதக் கணக்காக அவள் கையில் குறி இருந்தது. தினமும் ஓரத்தில் நின்று கோடு பார்த்து, ஆடுகிறவர்களை விட அதிகமாகச் சத்தம் போடுவாள். அன்றைக்கு நீங்கள் மேல் லயத்தில் பிரசவம் பார்க்கப் போயிருந்தீர்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுக்கு நீங்கள் குறி வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் இல்லாத அன்றைக்கு அவள் என் முன்னால் வந்து கையை நீட்டினாள். "சார், எனக்குக் குறி இல்ல சார். கட்டி கரஞ்சிருச்சு."

குறி இல்லைதான். ஆனால் குறி இருந்த இடம் செக்கச்செவேலென்று தோல் உரிந்து கிடந்தது. அந்த மருந்து அவ்வளவு சீக்கிரம் போகாது என்று எனக்குத் தெரியாதா? யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியாதா? புரிந்தது அண்ணே. இருந்தாலும், பாவம், ஒரே ஒரு ஆட்டம்தானே என்று விட்டேன். இரக்கம் என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

எல்லாக் கோட்டையும் தாண்டிவிட்டாள். கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, தாண்டியவர்கள் கத்துகிறபடி "பழம்! பழம்!" என்று அவள் போட்ட சத்தம் மருந்து அறை வரைக்கும் கேட்டிருக்கும். மறித்து நின்ற பையன் தட்டினான். ஓங்கிக்கூட அடிக்கவில்லை. அவள் கால் தடுக்கி, மூலைக்கு நட்டிருந்த குச்சியின் மேல் குப்புற விழுந்தாள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். இருட்டுவதற்குள் உதடு வெளுத்துவிட்டது. நீங்கள் ஓடி வந்தபோது அவள் கண் திறக்கவில்லை, அன்று இரவே போய்விட்டாள்.

எஸ்டேட்டை நடத்தும் வெள்ளைக்காரத் துரை மறுநாள் லயத்தையே கூட்டி வைத்துக் கேட்டார். குறி வைத்திருந்தால் பிள்ளை எப்படி ஓடியது? டிரஸ்ஸரின் கவனக்குறைவு என்று சொல்லி வேலையை விட்டு நீக்கினார். விளையாட்டும் அன்றோடு நின்றது. நீங்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டீர்கள்.

"சுப்பையா, அந்தப் புள்ளைக்கு நா குறி வெச்சேன்ல? நீ பக்கத்துலதான நின்ன? எனக்கு வெச்ச மாதிரிதேன் இருக்கு. ஆனா இப்பச் சந்தேகமா இருக்குய்யா."

"கவனிக்கலண்ணே" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, எனக்கும் வேலை போய்விடும் என்று பயந்தேன். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்ப மறந்துதேன் போனேன் போல" என்று மழையில் இறங்கினீர்கள். காய்ச்சலோடு குமுளி வரை நடந்து, மலையிறங்கி, கூடலூர் வீட்டில் போய்ப் படுத்தீர்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் கொயினா கொடுத்தவர் தனக்கென்று ஒரு வேளை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்று மதினி அழுதார்கள்.

போன வாரம் காமாயியிடம் போனேன். சொல்லாமல் இனிச் சாப்பாடு இறங்காது என்று ஆகிவிட்டது. அவள் வாசலில் உட்கார்ந்து விறகைப் பிளந்துகொண்டிருந்தாள். டிரஸ்ஸர் மேல் குற்றமில்லை, அவர் குறி வைத்தார், யாரோ அழித்தார்கள், அழித்தது தெரிந்தே நான் ஆட விட்டேன் என்று சொல்லி முடித்தேன். அரிவாளை எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். வீசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரோ இல்லய்யா. அழிச்சது நாந்தேன்" என்றாள்.

எலுமிச்சம்பழத்தையும் அடுப்புச் சாம்பலையும் வைத்து, பிள்ளை அழ அழத் தேய்த்தாளாம். அவள் மட்டும் இல்லை, குறி வைத்த பிள்ளைகளின் தாய்மார் பாதிப் பேர் தேய்த்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"தோட்டத்துல நெழல் மரத்துக்கெல்லாம் கங்காணி தாரு வெச்சுக் குறி போட்டாகளே, பாத்தீகளா? குறி போட்ட மரம் ஒண்ணு நின்னுச்சா? அம்புட்டயும் வெட்டிச் சாய்ச்சுப்புட்டாக. எம் புள்ள கையிலயும் குறி போட்டா நா என்னன்னு நெனைக்க? இந்தப் புள்ள தேறாது, கழிச்சு விடுன்னு எழுதி வெச்சுட்டாகன்னு நெனச்சேன். எதுக்குன்னு ஒரு வார்த்த எங்ககிட்ட ஆரு வந்து சொன்னா?"

நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது, அண்ணே. ஒரு சாயங்காலம் லயத்து வாசலில் நின்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். பெற்றவள் காப்பாற்றுவதாக நினைத்து அழித்தாள், நான் இரக்கம் என்று நினைத்து விட்டேன், நீங்கள் செய்யாத தப்பைச் செய்ததாக நம்பிச் செத்துப்போனீர்கள். அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

துரையிடம் போய்ச் சொல்லலாம் என்றால் அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். புதுத் துரைக்கு உங்கள் பெயரே தெரியாது. மைதானத்தைத் திருப்பிக் கேட்டேன். விறகை எங்கே வைப்பது என்று என்னையே கேட்டார். இப்போது குறி வைக்க ஆளும் இல்லை, ஓட இடமும் இல்லை. போன மாதம் இன்னும் இரண்டு பிள்ளைகளைக் காய்ச்சலில் புதைத்தோம். அவர்கள் ஒரு நாள்கூட ஓடியதில்லை.

ஒன்று மட்டும் என்னால் முடியும். கூடலூர் போகும்போதெல்லாம் மதினி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "தம்பி, அவுக நெசமாவே மறந்துட்டாகளா?" ஒவ்வொரு தடவையும் "தெரியல மதினி" என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுக்கும் காப்பியையும் வாங்கிக் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குமுளியில் பஸ் ஏறுகிறேன். காமாயியும் வருகிறேன் என்றிருக்கிறாள். மதினி கேட்கும் வரை காத்திருக்க மாட்டேன், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். வாசலில் நின்றபடியே இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசிப்பேன். பிறகு அவர்கள் கதவைச் சாத்தினாலும் சரிதான். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீங்கள் குறி வைத்தீர்கள் அண்ணே. நான் பக்கத்தில்தான் நின்றேன். பார்த்தேன்.

அன்றைக்கு அதைச் சொல்லாத உங்கள் தம்பி,
சுப்பையா