அடியில் கோடு போட்ட அறுபத்தாறு

பாய், இன்று இரும்புப் பெட்டியைத் திறந்தேன். துரு வாசனையோடு நீங்கள் தந்த தகரத் துண்டு கைக்கு வந்தது. எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன்: 66. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இந்த வயதில் படிக்க வந்துவிட்டது, பாய்!

கும்மிடிப்பூண்டி ஆலைகளின் புகை தெரியும் தூரத்தில் நம் காடு. எங்கோ ஒரு கம்பெனி, தான் விடும் புகைக்கு ஈடாக, அதை வெட்டாமல் காக்கப் பணம் தருகிறது என்றீர்கள். அதற்குக் கார்பன் பணம் என்று பெயர்; கார்பன் என்றால் கரி என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். "மரத்தை வெட்டாம இன்னா கரி பாய்?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது.

நீங்கள் ஒவ்வொரு மரத்தின் பருமனையும் அளந்து நோட்டில் எழுதுவீர்கள். நான் மரத்தில் எண் தகரத்தைக் கட்டுவேன். எண் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

சரிபார்க்க வந்த அதிகாரி ஒரு பாலை மரத்தின்முன் நின்றார். "நோட்டுல அறுபத்தாறாம் நம்பர் மெலிசு மரம். இங்க அதே நம்பர்ல கட்டிப்பிடிக்க முடியாத மரம் நிக்குது. காயிதத்துலயே காடு வளத்தீங்களா?"

நோட்டு பொய்யென்றால் பணம் நிற்கும். காட்டை விறகுக்காரர்கள் முடித்துவிடுவார்கள். வனக்குழுத் தலைவர் காதைக் கடித்தார்: "நோட்டை மாத்தி எழுதிடு பாய்."

நீங்கள் தகரத்தைப் பார்த்தீர்கள், பிறகு என்னை. உங்களுக்குப் புரிந்துவிட்டது. "நோட்டு சரிங்க சார். தகரம் தலைகீழா கீது. இது தொண்ணூத்தொம்போது. எங்க தப்பு. எல்லா மரத்தையும் மறுபடி அளந்து காட்டுறோம்."

'எங்க' என்றீர்களே, பாய்.

வாரம் முழுக்க அதிகாரியோடு அலைந்தோம். எல்லாம் சரியாக வந்தது, பணமும் வந்தது. நீங்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டீர்கள். "கோடு கீழ, நைனா. நம்பர் தலைகீழா நிக்கும், மரம் நிக்குமா?"

பிறகு புயலில் மெலிசு அறுபத்தாறு விழுந்தது. அன்றே நோட்டில் 'செத்தது' என்று எழுதி, தகரத்தை என்னிடம் தந்தீர்கள். "வச்சிக்கோ. படிக்கக் கத்துக்கினா சொல்லு."

காடு இருக்கிறது. நீங்கள் இல்லை. முதியோர் வகுப்பில் எந்த எண் எழுதினாலும் அடியில் கோடு போடுகிறேன். "இன்னாத்துக்கு தாத்தா கோடு?" என்கிறது டீச்சர் பெண். அது எண்ணோட தரை என்கிறேன்.

கத்துக்கினேன், பாய். சொல்லிவிட்டேன்.