முந்திப் போகும் கால்

ஜூன் 3

பெயின்ட் கடையில் நாள் முழுக்க நிற்பதற்கு என் கால் எப்போதோ பழகிவிட்டது. இன்றைய வலி வேறு. டாங்கோ என்கிற ஜோடி ஆட்ட வகுப்பு.

சேர்த்துவிட்டது என் வீட்டுக்காரர்தான். கட்டட வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கடையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். தன் தம்பி வீட்டு மாடி அறைக்குப் போய்விடலாமா என்று யோசனை. தனியாக. "இந்த மாசம் எங்கூட ஆடு. அப்புறம் போறதா இருக்கறதான்னு சொல்றேன்" என்றார்.

ஆட்டமா, எனக்கா? கல்யாணம் வரை மேடையில் ஆடிச் சம்பாதித்தவள் நான். கடையே அதில் வந்ததுதான். அவருக்குக் கைதட்டக்கூடத் தாளம் வராது.

ஜூன் 6

டீச்சர் சின்னப் பெண். "அக்கா, முதுகு, பாதம், திரும்பறது எல்லாம் அருமை. ஆனா அவர் கூப்பிடறதுக்குள்ள போயிடறீங்க." அப்புறம், "அது சரி, யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க?"

சுவரைப் பார்த்து. மேடைப் பழக்கம், வேறென்ன.

அடுத்த அடி எங்கே என்பதை அவர் நெஞ்சால் சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்டுவிட்டு நான் காலெடுக்க வேண்டுமாம். பாட்டு போட்டதும் என் கால் கேட்டால்தானே!

ஜூன் 10

பாதிப் பாட்டில் கையை எடுத்துவிட்டார். "நீயே ஆடிக்கோ. நடுவுல நான் எதுக்கு, கம்பம் மாதிரி?"

மாடி அறைக்கே போகட்டும்! யாரு வேணாம்னா? எனக்கென்ன, வேலையா இல்ல?

ஜூன் 13

எனக்கு உடம்பு முடியவில்லை. ஆனாலும் போனோம்.

ஜூன் 17

ஜோடி மாற்றினார்கள். எனக்கு வந்தது, எங்களோடு கற்றுக்கொள்ளும் சலூன்காரர். அவர் எந்தப் பக்கம் போவாரோ தெரியாது, அதனால் காத்திருந்தேன். டீச்சர் வாயைப் பிளந்தாள். "ஒத்தைக் கால்ல இவ்ளோ நேரம் அசையாம நிக்க இங்க யாராலயும் முடியாதுக்கா. பழைய ஆட்டம் வீண் போகல."

அப்படியானால் மேடைப் பழக்கம் மேல் நான் போட்ட பழி? சலூன்காரருக்காக நிற்கிற கால், இவருக்காக ஏன் நிற்கவில்லை? இவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும் என்ற திமிர். வேறொன்றுமில்லை.

ஜூன் 24

பெயின்ட்டர் வந்தார். சுவரில் ஓதமாம், என்ன அடிக்கலாம் என்று கேட்டார். முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். ஓரத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல், மெதுவாக: "அந்தச் செவுத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பாத்ரூம், அண்ணே."

"அப்ப பெயின்ட் வேணாம். மொதல்ல பைப்பைப் பாரு."

ஒரு டின் வியாபாரம் போச்சு. பெயின்ட்டர் என்னிடம், "அண்ணி, அண்ணன் பேசுவாரா! ஊமைன்னுல்ல நெனச்சேன்." இவர் சிரித்தார். நானும்.

ஜூன் 27

வகுப்பில் இவருக்காக ஒற்றைக் காலில் நின்றேன். நேரம் எடுத்துக்கொண்டார், அவ்வளவு நேரம். வலப்பக்கம் என்று நினைத்திருந்தேன். பின்னால் கொண்டுபோனார். இவர் இப்படிப் போவார் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 1

மாதம் முடிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று யாருமே சொல்லவில்லையே.

காலையில் தம்பியோடு போனில் பேசிவிட்டு வந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "மாடி ரூமை யாருக்காவது வாடகைக்கு விட்டுடச் சொல்லிட்டேன்" என்றார்.

எவ்வளவுக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் இன்னும் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. கடை திறக்க நேரமாகிவிட்டது.

நின்றேன்.