ஆகஸ்ட் ஒன்று வரை பேசக்கூடாது

ஜூன் 21

வலைக்குப் பின்னால் நின்றது கல்லூரிக் கோச் லார்கின்தான். தொப்பியில் கல்லூரியின் பெயர், கையில் வேகம் அளக்கும் கருவி. நான் வீசிய ஒவ்வொரு பந்துக்கும் குறித்துக்கொண்டார். பேஸ்பால் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோது எதிரே வந்தார். சிரித்தேன். மனிதர் ஏதோ தூணைப் பார்த்த மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மைல்ஸ்தான் ஆறுதல் சொன்னான். என் பந்துகளைப் பிடிக்கிற கேட்சர், பக்கத்து வீடு. எனக்கு இந்த வருஷம் பதினொன்று, அவனுக்கு இனிமேல்தான் ஒன்பதாம் வகுப்பு, ஆனால் விதியெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"லூசு, பதினொன்னாம் வகுப்புக்கு முன்னால வர்ற ஆகஸ்ட் ஒன்னு வரைக்கும் கல்லூரிக் கோச்சுங்க நம்மகிட்ட வாயைத் திறக்கக்கூடாதுடா. அவர் திரும்பிக்கிட்டாருன்னா உன்மேல கண்ணு வச்சிருக்காருன்னு அர்த்தம்."

இருக்கட்டும். இந்தக் கல்லூரி கிடைக்காவிட்டால் அப்பாவோடு அறுவடை இயந்திரம்தான். கோதுமை முற்ற முற்ற ஊர் ஊராக அறுத்துக்கொண்டு அவர் வடக்கே போய்க்கொண்டே இருக்கிறார். செப்டம்பரில்தான் கான்சஸ் திரும்புவார்.

ஜூன் 22

பேசிவிட்டார்! லார்கின் பேசிவிட்டார்!

மத்தியானம், அம்மா வேலையில் இருந்தாள். மொபைலில் எண் எதுவும் காட்டவில்லை. தாழ்ந்த, வறண்ட குரல். "காரெட், லார்கின் பேசறேன். நான் கூப்பிட்டது வெளிய தெரிஞ்சா உன் இடம் போச்சு. புரிஞ்சுதா?" புரிந்தது என்றேன். பின்னால் யாரோ கையுறையில் பந்து வாங்கும் சத்தம். தொப். தொப். ஒரே சீராக.

"அஞ்சாவது இன்னிங்ஸ்ல முழங்கையை அமுக்கி விட்டுக்கிட்ட. யாரும் பார்க்கலைன்னு நினைச்சியா?"

அப்படித்தான் நினைத்தேன். வலை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றேன். பெரிய கோச் என்றால் சும்மாவா?

வைத்த பிறகு பார்த்தால், வந்த அழைப்புகளில் அது இல்லவே இல்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருப்பார்கள். விதிக்கு மாட்டக்கூடாது அல்லவா.

ஜூலை 4

லார்கின் மறுபடி கூப்பிட்டார். தினமும் சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு தானியக் கிடங்குச் சுவரில் பந்து வீச வேண்டுமாம். வலித்தாலும் ஐஸ் வைக்கக்கூடாதாம், கை கெட்டுப்போகுமாம். எங்கள் கோச் பென்னர் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார். பென்னர் எந்தக் கல்லூரிக்கு யாரை அனுப்பிக் கிழித்தார்?

ஊரே சுதந்திர தின வாணவேடிக்கை பார்க்கப் போயிருந்தது. நான் சுவரோடு.

ஜூலை 9

"நேத்து சீக்கிரம் நிறுத்திட்ட."

அவ்வளவுதான் சொன்னார். ஆமாம், வலி தாங்காமல் நிறுத்தினேன். ஆனால் கிடங்கைச் சுற்றி ஒரு மைலுக்கு அறுத்த வயல்தான். ஒரு நாய்கூட இல்லை. நான் பார்த்தேனே.

ஜூலை 17

அக்கா லீயான் முறைத்தாள். "கரண்டியை ஏன்டா வலது கையில பிடிக்கற? திடீர்னு ஞானம் வந்துடுச்சா?" வீசும் கையும் சாப்பிடும் கையும் எனக்கு இடதுதான். மாற்றிப் பழகுகிறேன் என்று புளுகினேன். சிரித்துக்கொண்டே என் ரொட்டிக்கு அவளே வெண்ணெய் தடவிக் கொடுத்தாள். அழுகை வந்தது. யாரிடம் சொல்ல? சொன்னால் இடம் போச்சு.

ஜூலை 25

அவர் மூச்சு விடும் சத்தமே கேட்பதில்லை. இன்றுதான் கவனித்தேன். பந்துச் சத்தம் மட்டும்தான்.

ஆகஸ்ட் 1

காலைச் சாப்பாட்டின்போது மொபைல் அடித்தது. எண் வந்தது. கல்லூரியின் எண்!

"காரெட்டா? டேய் தம்பி, ப்ராடி லார்கின்! ஒருவழியா பேசற நாள் வந்துச்சுடா!" படபடவென்று பேசுகிற, சிரிப்பு நிறைந்த இளம் குரல். "அன்னைக்கு நீ சிரிச்சப்ப மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேனே, மனசே கேட்கல. என்ன பண்றது, விதி அப்படி. அக்டோபர்ல அம்மாவைக் கூட்டிட்டு வந்து கல்லூரியைப் பாரு."

இது அவர் குரல் இல்லை. இல்லவே இல்லை.

"நாம முன்னாடி பேசினதில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றுபோயிற்று. "என்ன பேச்சு இது? நான் உன்னைக் கூப்பிட்டதே கிடையாது. இப்படி வெளிய சொல்லி வைக்காத. விசாரணைன்னு வந்தா என் வேலையும் போகும், உன் இடமும் போகும்."

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். சொல்லாதே.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அப்பா அங்கே வயலில் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார், போனிலேயே கேட்டது. நானும் சிரித்தேன். உண்மையான லார்கின் இவர்தான். அப்படியானால் நாற்பது நாளாக என் கையை வைத்து விளையாடியது யார்?

ஆகஸ்ட் 3

அழைப்பு இல்லை. நான் வீசவும் இல்லை. விட்டது சனி என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அக்டோபர் வந்துவிடும்.

ஆகஸ்ட் 6

மைல்ஸ் தானியக் கிடங்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். கையில் வாளி நிறையப் பந்து. எங்கேடா என்றேன். காது வரை சிரிப்பு.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். ஒரு கோச் கூப்பிட்டாருடா. பெரிய ஆளு. வெளிய தெரிஞ்சா என் இடம் போயிடும், நீ வாயைத் திறந்த, கொன்னுடுவேன்."

"பின்னால ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"பந்து பிடிக்கற சத்தம். ஏன், உனக்கு எப்படித் தெரியும்?"

ஐயோ. ஐயோ, இந்தப் பொடியனையா?

ஆகஸ்ட் 7

அம்மாவிடம் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை, ஆனால் என் முழங்கையைத் தொட்டதும் நான் கத்தியதை நம்பினாள். தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார் மருத்துவர். பென்னருக்கும் சொன்னோம். என் கை நிலவரத்தை அவர் கல்லூரிக்குச் சொல்லியே ஆக வேண்டும், அது முறை. சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 10

லார்கின் கூப்பிடவில்லை. இனி கூப்பிட மாட்டார் என்று பென்னர் பக்குவமாகச் சொன்னார். அம்மா கேட்காத நேரத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். கல்லூரி, அந்த இடம், எல்லாம் எனக்கே எனக்கென்று இருந்ததே.

ஆகஸ்ட் 12

இடது கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், இதை வலது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி.

அந்த அழைப்புக்காக மைல்ஸ் வீட்டுச் சமையலறையில் காத்து உட்கார்ந்திருந்தோம். நான், என் அம்மா, மைல்ஸ், அவன் அம்மா. அவன் ரகசியத்தை அவன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன் என்று என்மேல் கோபம். மேசையில் அவன் மொபைல். பீச் பழக் கேக்கை வெட்டி வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. மத்தியானம் மொபைல் அடித்தது. எண் இல்லை. நான் எடுத்தேன்.

தொப். தொப்.

"மைல்ஸ் இல்ல. காரெட்" என்றேன்.

பந்துச் சத்தம் நின்றது. இத்தனை நாளில் அது நின்று கேட்டதே இல்லை.

"கை எப்படி இருக்கு?"

"இனிமே இவனைக் கூப்பிடாத. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

 பிறகு, கோபமே இல்லாமல், "சரி. அவனுக்கு இன்னும் பேசற தேதி வரல, அதுவும் நியாயம்தான். உனக்குத்தான் வந்துடுச்சே. உன்னையே கூப்பிடறேன்."

வைத்துவிட்டது.

என்ன சொன்னான் என்று மைல்ஸின் அம்மா கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மைல்ஸ் வெளுத்துப்போய் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டித் திருப்பித் தந்தான்.

இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறோம். என் மொபைலைக் கூடத்து மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். லீயான் கையில் பேஸ்பால் மட்டை, சும்மா ஒரு தைரியத்துக்காம். மொபைல் அடிக்கட்டும்.