எம்பதி என்றால் என்ன

மார்ச் 4
நேற்று பட்டம் விட்டதில் நூல் அறுத்த விரல் எரிகிறது. அதே விரலால் டியூஷன் சென்டர் கதவில் 'தள்ளு'வைக் கிழித்து 'இழு' ஒட்டினேன். முதலாளி கிரிகோரிஸ் ஐந்து நிமிடம் இழுத்தார். ஆங்கில ஆசிரியை தெக்லா மிஸ் மட்டும் என் பக்கம் திரும்பி, "மிர்சினி, வாலை எங்கடி சுருட்டி வெச்சிருக்க?" என்றார்.

அயர்லாந்துக் கோடைப் பள்ளியில் ஓர் இலவச இடம். மிஸ் என் பெயரைத்தான் பரிந்துரைக்கிறாராம்.

மார்ச் 6
கடிதத்தைத் தபாலில் போட என்னிடமே கொடுத்தார். உறை ஒட்டவில்லை. படிக்காமல் இருக்க நான் என்ன புனிதையா?

ஆங்கிலத்தில் முதல் வரி: 'மிர்சினியிடம் தனித்துத் தெரிவது அவளுடைய எம்பதி.'

எம்பாதியா! எங்கள் கிரேக்கப் பேச்சில் அந்தச் சொல்லை அப்படித்தான் சொல்வோம்; வன்மம் என்று பொருள். இது பரிந்துரை இல்லை, பழியுரை. அதற்குமேல் படிக்கவில்லை. கிரேக்கச் சொல்லுக்குக் கிரேக்கப் பெண் அகராதி பார்ப்பாளா?

அவர் கையெழுத்தைப் பார்த்து வேறொன்று எழுதினேன்: 'குடித்துவிட்டுத்தான் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்களை நம்பாதீர்கள்.' எனக்கு இடம் போனால் போகட்டும்.

மார்ச் 7
போட்டாச்சு.

மார்ச் 27
அந்தப் பள்ளி, நான் எழுதிய கடிதத்தையும் இணைத்து, கிரிகோரிஸுக்கு எழுதிவிட்டது. வகுப்பு வாசலிலேயே கத்தினார்.

"நான் எழுதல" என்றார் மிஸ்.

"அப்போ உறைய யார்கிட்ட குடுத்த?"

மிஸ் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை.

"நானேதான் போட்டேன்."

வேலை போய்விட்டது. ஏன் அப்படிச் சொன்னார் — ஏன்?

மார்ச் 28
மிஸ் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டே விட்டேன். "எனக்கு வன்மம்னு ஏன் மிஸ் எழுதினீங்க?"

பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப் பாவி. அடுத்தவங்க வலிய உள்ள புகுந்து உணர்றதுக்கு ஜெர்மன்காரன் ஒரு சொல் வெச்சிருந்தான். அத இங்கிலீஷ்ல சொல்ல நம்ம பழைய சொல்ல எடுத்துக்கிட்டாங்க. அதான் எம்பதி. நம்ம வாயிலதான் அது வன்மமா திரிஞ்சுபோச்சு."

கீழே கிடந்த ஒரு புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"முதல் வரியோட நிறுத்திட்டியா?"

"ஆமா."

எழுந்து, ஒட்டுநாடாவை இழுத்துப் பெட்டியை ஒட்டினார்.

மார்ச் 29
கிரிகோரிஸிடம் ஒப்புக்கொண்டேன். "இப்ப வந்து சொல்றியா? திங்கட்கிழமை புது வாத்தியார் வர்றாரு. வெளிய மூச்சு விடாத, சென்டர் பேர் கெட்டுடும்."

ஜூலை 9
தாசோஸ் தீவுக் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் கூண்டில் மிஸ் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வரிசையில் நின்றேன். என்ன சொல்வதென்று முக்கால் மணி நேரம் யோசித்து வைத்திருந்தேன்.

"போக மட்டுமா, திரும்பவுமா?" நிமிராமலே கேட்டார்.

"திரும்பவும்."

குரலைக் கேட்டு நிமிர்ந்தார். டிக்கெட்டைத் தள்ளினார்.

"நகருங்க, பின்னால ஆள் நிக்குது."

தீவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. போய் வந்தேன்.