குண்டு மெஷினில் நான் சுற்றிய கம்பி

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் குண்டு மெஷினின் இடது கை மறுபடியும் எழுந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று அடுக்கிச் சொல்லத் தொடங்கினால் பாதியில் எழுந்து போகிறவர் நீங்கள். இன்று ஒருநாள் மட்டும் மீதியையும் கேளுங்கள்.

திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்கள் சென்னைக்கே குடிபோனபோது, எப்போதோ மலேயாவிலிருந்து வந்து அங்கே கிடந்த பின்பால் மெஷினை லாரியில் ஏற்றிக் கீரனூர் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். கண்ணாடிக்கு அடியில் ஓடும் இரும்புக் குண்டு, அதைத் தட்டி மேலே அனுப்ப இரண்டு சின்னக் கைகள், பட்டால் அடிக்கும் மணி. அக்கா அதற்குக் குண்டு மெஷின் என்று பெயர் வைத்தாள். ரைஸ்மில்லைப் பூட்டிவிட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நிற்பீர்கள். குண்டு நழுவப் பார்த்தால் இடுப்பால் ஓர் இடி.

பழுதானால் எனக்குத்தான் போன் வரும். பள்ளியில் இயற்பியல் நடத்தியவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தீர்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை. குண்டு ஓடும் பலகையைத் தூக்கி நிறுத்தி, அடியில் தலையை விட்டு, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுக்கொண்டே “வந்துச்சா அத்தான்?” என்பேன். பக்கவாட்டுப் பட்டனை அழுத்தி, கை எழுகிறதா என்று பார்த்து, “வரலை மாப்ள” என்பீர்கள். வந்த பிறகும் வரவில்லை என்று சாதித்து, மத்தியானச் சாப்பாடு வரை என்னை நிறுத்திவைத்த நாட்கள் எத்தனை?

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது.

போன வருடம் மெஷினின் பெரிய ஃபியூஸ் போய்விட்டது. அந்த அளவில் கண்ணாடி ஃபியூஸ் புதுக்கோட்டையில் கிடைக்கவில்லை. “ஒரு கம்பியச் சுத்தி விடு மாப்ள, ஊரே அப்படித்தானே ஓடுது” என்றீர்கள். மின்சாரம் அளவுக்கு மீறினால் தான் உருகி ஆளைக் காப்பாற்ற வேண்டியது ஃபியூஸ். அந்த இடத்தில் செப்புக் கம்பி சுற்றக் கூடாது என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன், அன்று சுற்றினேன். உங்களிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, அதே மெஷின் முன்னால் விழுந்தீர்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கம்பி கண்ணிலேயே நின்றது. உள்ளே ஏதாவது ஒயர் நைந்து இரும்புச் சட்டத்தில் பட்டிருந்தால்? உருக வேண்டியது உருகாமல், நீங்கள் அதன்மேல் கை வைத்திருந்தால்? காரியம் முடிந்து வந்தவன் பதினோரு மாதம் கீரனூர் பக்கமே போகவில்லை. அக்கா கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால் வலி என்றேன்.

போன வாரம் அவளே போன் செய்தாள். வருஷத் திதிக்குள் குண்டு மெஷினைச் சரிசெய்து கொடு என்றாள். விளக்கெல்லாம் எரிகிறதாம், இடது கை மட்டும் தூக்கவில்லையாம். கடைசி நாளிலும் நீங்கள் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தீர்களாம். நான் முதலில் கேட்டது இதுதான்.

“நீ ஸ்விட்சப் போட்டியாக்கா?”

“போடாம எப்படிடா தெரியும்?”

பிளக்கைப் பிடுங்கிவிடு, நான் வரும்வரை கிட்டேயே போகாதே என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். நார்த்தாமலை நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. இறங்கவில்லை. அதைத் தைரியம் என்று சொல்லமாட்டேன். அக்கா மறுபடியும் ஸ்விட்சைப் போட்டுவிடுவாளோ என்ற பயம்தான்.

பிளக் பிடுங்கித்தான் இருந்தது. மீட்டரை வைத்து எர்த் ஒயரைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மின்சாரம் வரும் ஒயருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் எங்காவது தொடர்பு இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன், இல்லை. பழுது பார்க்கும்போதெல்லாம் நான் எழுதிவைக்கும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு ஃபியூஸ் இருக்கும் சின்னக் கதவு ஒன்றுதான் மிச்சம். அதைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

உள்ளே கம்பி இல்லை, அத்தான். புத்தம்புதுக் கண்ணாடி ஃபியூஸ். அதற்குள் மயிரிழைபோல ஓடும் கம்பி அறுபடாமல் இருந்தது.

என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். “அக்கா, இதுல நான் செப்புக் கம்பி சுத்தி வச்சிருந்தேன்.”

“தெரியும்டா. நீ போன மறுநாளே திருச்சிக்குப் போயி டப்பாவோட வாங்கியாந்துட்டாரு. கம்பியச் சுத்திட்டு அவன் தூங்கமாட்டான்னாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா, நான் செஞ்சது தப்பா அத்தான்னு ஒரு மாசத்துக்குக் கேப்பியாம்.”

கேட்டிருப்பேன். அது உண்மைதான். ஆனாலும் சொல்லியிருக்கலாமே, அத்தான்? நானும்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

எர்த் சரியாக இருக்கிறது. ஒயர் சட்டத்தில் பட்டிருந்தால் அந்த மயிரிழை உருகிப்போயிருக்கும். உருகவில்லை. உங்களை விழவைத்தது என் கை இல்லை. நோட்டில் இதை எழுதி, கீழே கோடு போட்டு, எங்காவது தவறவிட்டேனா என்று மறுபடியும் படித்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்காடா இத்தன மாசம் வரலை?” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “அவருக்கு ஒரு அழுக, ஒனக்கு ஒரு அழுகன்னு இந்த வீட்டுல ஒத்தையா ஒக்காந்து அழுதேன்டா.”

பிளக்கைச் செருகினேன். பலகையைத் தூக்கி நிறுத்தினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லாமலே நீங்கள் நிற்கும் இடத்தில் வந்து நின்றாள்.

ஒவ்வொரு ஒயராகத் தொட்டேன். வந்துச்சாக்கா? வரலைடா. ஐந்து இடம் பார்த்தாயிற்று. ஆறாவதாகப் பார்த்தபோது, இடது கையை இழுக்கும் காயிலின் முனையில் ஈயப் பற்று விட்டுப்போயிருந்தது. எல்லாம் உங்கள் இடுப்பு இடித்த இடிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பற்றவைத்தேன், ஆறவிட்டேன், மறுபடியும் செருகினேன்.

டக்கென்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. என் காதை நான் நம்பிப் பழக்கமில்லை. “வந்துச்சாக்கா?” என்றேன்.

“வரலைடா.”

தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். அக்காவின் விரல் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. இடது கை நன்றாக மேலே எழுந்து நின்றது.

“வரலை,” என்றாள் மறுபடியும், என்னைப் பார்க்காமல். “சாப்புட்டு வந்து பாப்போம்.”

நோட்டில் அன்றைய பக்கத்தின் கடைசியில் ‘பழுது நீங்கவில்லை’ என்று எழுதி வைத்திருக்கிறேன், அத்தான். என் நோட்டில் தெரிந்தே எழுதிய முதல் தப்பு அதுதான். இனி வியாழக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் கீரனூர் வருவேன். அக்கா ‘வரலைடா’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை வந்துகொண்டே இருப்பேன்.

நீங்கள் தூங்கவைக்க நினைத்த
உங்கள் மைத்துனன்,
முத்தையா