குங்குமம் வைத்த கிராபிக்ஸ் கார்டு

என் செல்லக் கோமுவுக்கு,

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ. இப்போது பட்டாபிராமில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சென்ட்ரலிலிருந்து வரும் ரயிலில் அதே கூட்டம்தான், ஆவடி தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கிறது. மொட்டை மாடியில் உன் கறிவேப்பிலைச் செடி பிழைத்துவிட்டது. நானும் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். சாம்பாரில்தான் தினமும் உப்பு கூடக்குறைய ஆகிறது.

நல்ல செய்தி இவ்வளவுதான். இனி என் வயிற்றெரிச்சலைக் கேள்.

பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் உன் ரஃபீக் பாயைப் பற்றித்தான். நீ போனில் கேம் ஆடும் கூட்டத்தில் அவனும் ஒருவன், நூம்பல்காரர் ஒருவர், வேலப்பன்சாவடி காலேஜ் பெண் ஒருத்தி. லேபில் வேலை முடிந்து வந்து குக்கரை இறக்கியதும் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வாய். அது எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே தொங்கும். லூசாகிவிட்டது, புதுசு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சிரித்தாய்.

"பாய், லெப்ட்ல ஒருத்தன் கீறான் பாரு, உடாத" என்று நீ கத்தும்போது, பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு வயிறு காந்தும். என்னிடம் ஒருநாளாவது அவ்வளவு உற்சாகமாகப் பேசியிருக்கிறாயா? நீயே சொல்.

உன்னை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான், தெரியும். எனக்கு இருந்தது சந்தேகம் இல்லை, பொறாமை. இரண்டும் வேறு வேறு. உன் சாவுக்கு வந்தவன் என்னைவிட அதிகமாக அழுதான். என் சொந்தக்காரர்கள் என்னை விட்டுவிட்டு அவனைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை கோமு.

போன் சூடாகிறது, கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண ஆரம்பித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக் கடன் போக மிஞ்சுவதில் மாதம் ஒரு சாமான். பிராசஸருக்கு ஏற்ற மதர்போர்டு, போர்டுக்கு ஏற்ற ராம், எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்க எஸ்.எம்.பி.எஸ்., அத்தனையையும் உள்ளே அடைக்க ஒரு கேபினெட். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அத்தனையும் தண்டம் என்பாய். ஒவ்வொரு பெட்டி வந்ததும் அதன் மேல் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, அப்புறம்தான் பீரோ மேல் ஏற்றச் சொல்வாய். எதை வாங்குவது என்ற பேச்செல்லாம் ரஃபீக்கோடு. நான் பெட்டி ஏற்றுகிற ஆள், அவ்வளவுதான்.

நீ போனபோது கிராபிக்ஸ் கார்டு ஒன்றுதான் பாக்கி. உன் பிராசஸருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது, கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது என்று நீதான் சொல்லியிருந்தாய். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் மேலே அந்தப் பெட்டிகள் கண்ணில் படும். உன் விரல் வைத்த குங்குமம்.

இந்தக் கடைசி ஒன்றையாவது நானே வாங்கிப் போட்டு, உன் கம்ப்யூட்டரை நானே ஓடவைக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. ரஃபீக்கிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் வீடியோ பார்த்தேன். பக்கத்தில் நிற்பவர்கள் நான் ஏதோ பரீட்சை எழுதப்போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். போர்டில் எந்த ஸ்லாட், எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு தாங்கும், எந்த வயர் எங்கே போகும், எல்லாம் பார்த்துவிட்டேன்.

வருஷக் கணக்கு முடிந்து போனஸ் வந்ததும் அம்பத்தூரில் ஒரு கடையில் தள்ளுபடியில் வாங்கினேன். புத்தம் புதுசு. மூன்று ஃபேன் வைத்தது. உனக்கென்று வாங்கினது, குறை வைக்கலாமா? பெட்டி முழுக்க மஞ்சள் பூசி, நாலு பக்கமும் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, பீரோ மேலிருந்த சாமான்களையெல்லாம் இறக்கிக் கேபினெட்டுக்குள் பூட்டி, கடைசியாகக் கார்டை மாட்டினேன். மாட்டினேன் என்று சொல்லக் கூடாது. கார்டின் ஒரு முனை கேபினெட்டின் முன்பக்கத்தில் போய் முட்டியது. கட்டைவிரல் அகலம்தான் இடம் பத்தவில்லை. எல்லாப் பொருத்தமும் பார்த்த நான் நீளத்தைப் பார்க்கவில்லை.

திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால், கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பூஜை போட்டு எடுத்துகினு வந்துகீறீங்க? இத நான் எப்படி ரிட்டர்ன் அனுப்பறது?"

"சாமி கும்பிட்டது தப்பாங்க?"

"சாமி கும்பிட்டது தப்பு இல்ல சார். பொட்டி பூரா மஞ்சாவா கீது, அதான் பேஜாரு."

வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். மஞ்சள் இன்னும் நன்றாகப் பரவியது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரித்துவிட்டு அவனுக்குத்தான் போன் போட்டிருப்பாய். வேறு வழியில்லாமல் நானும் அவனுக்கே போட்டேன். மனசில்லாமல்தான் போட்டேன் என்பதைக் குறித்துக்கொள்.

மெத்தை அளக்கிற டேப்போடு பைக்கில் வந்து இறங்கினான். கேபினெட்டை அளந்தான், கார்டை அளந்தான், என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல, அண்ணாத்தே?"

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கழற்ற வேண்டாத ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

"இந்தக் கேபினெட்டே வோணாம்னு அக்காகிட்ட தலபாடா அடிச்சுகினேன். பெருசா வாங்கினா வெலையும் கம்மி, எந்தக் கார்டு வாங்கினாலும் ஒக்காரும். கேட்டாத்தானே."

அவன் பேச்சை நீ கேட்கவில்லை என்றதும் எனக்குள் ஒரு குளிர்ச்சி. கொஞ்சம் தெம்பாகவே கேட்டேன், "ஏன் கேக்கலையாம்?"

"பெருசு வெச்சா இந்த மூலைல உங்க தட்டுக்கு எடம் இருக்காதாம். 'எங்க ஊட்டுக்காரரு எங்க ஒக்காந்து துண்ணுவாரு'ன்னு ஒரே சண்டை. பெட்ரூம்ல வெச்சுக்கோங்கன்னோம். அவரு ஹால்ல, நான் பெட்ரூம்ல, அதுக்கா கம்ப்யூட்டர் வாங்கறேன்னு கேட்டாங்க."

கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். நான் பக்கத்தில் உட்காருவது உனக்குத் தொந்தரவு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், கோமு. என் பேச்சைக் கேட்காமல் இருக்கத்தான் அந்த ஹெட்செட் என்று நினைத்திருந்தேன். அதை அவனிடமே சொல்லியும்விட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரஃபீக் சிரித்தான். "அக்கா ஒரு காதுலதான் மாட்டுவாங்க. இன்னொரு காது உங்களுக்கு. உங்க கொரலு எங்க டீம் மொத்தத்துக்கும் மனப்பாடம். 'யாரைச் சுடுற? அவன் உன்னை இன்னா பண்ணான்? சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்து.' உங்களுக்குப் பேரே சாம்பார் அண்ணாத்தே. சாம்பார் ஊத்தப் போறேன்னு நட்ட நடுவுல எழுந்து போயிடுவாங்க, நாங்க அத்தினி பேரும் செத்துகினு கெடப்போம். கடுப்பு உங்களுக்கு இல்ல அண்ணாத்தே, எங்களுக்குத்தான் உங்க மேல கடுப்பு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. இந்த முறை அவன் என்னைத் தேற்றினான்.

அவனிடம் இரண்டு ஃபேன் வைத்த குட்டைக் கார்டு ஒன்று இருக்கிறது. அவன் கேபினெட் பெரிசு. மாற்றிக்கொள்ளலாமா என்று அவன்தான் கேட்டான், அடுத்த வாரமே கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தான். உள்ளே ஒட்டினாற்போல் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கண் கலங்கியதால் முதலில் என்ன வந்தது என்று நான் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

புதுக் கார்டு அவனுக்கு, பழசு எனக்கு. கணக்குப் பார்த்தால் அவனுக்குத்தான் லாபம். மஞ்சள் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடு என்றேன். "அக்கா பழக்கமாச்சே, இருக்கட்டும்" என்று பத்திரமாக வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனான். நான் வைத்த குங்குமம்கூட இப்போது அவன் வீட்டில் இருக்கிறது பார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பாய். போகவில்லை. நீ எனக்காக ஒரு காதையும் ஒரு மூலையையும் ஒதுக்கி வைத்திருந்தாய் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. நூம்பல்காரருக்குத் தெரியும், முகம் தெரியாத காலேஜ் பெண்ணுக்குத் தெரியும். எனக்கு மட்டும் நீ ஏன் சொல்லவில்லை? சொல்லாமலே புரிந்திருக்கும் என்று நினைத்தாயா?

நேற்று சாயங்காலம் தட்டை நம் மூலையில் வைத்துவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தேன். தட்டுக்குக் கச்சிதமாக இடம் இருக்கிறது. டீமில் என்னைச் சேர்த்துக்கொள்கிறார்களாம், சாம்பார் அண்ணாத்தே வந்தே ஆக வேண்டுமாம். யாரைச் சுடுவது, எதற்குச் சுடுவது என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை. போகப்போகப் பழகிக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். உன் ஹெட்செட்டைத்தான் மாட்டுவேன், ஆனால் ஒரு காதில் மட்டும். அதில் ரஃபீக் எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளட்டும். இன்னொரு காதை எவனுக்கும் கொடுக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றவா என்று நீ கேட்டால் எனக்குக் கேட்க வேண்டும்.

என்றும் உன் ஊட்டுக்காரன்,
சேகர்