மூவாயிரம் தாளுக்கு ஒரு கையெழுத்து

12.2.98
இன்றைக்கும் நாற்பது தாளில் பதினொன்று பெயில். சலவை மெஷினின் பட்டன்களுக்கு மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள். எழுத்து அழியாமல் இருக்க மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சுப் பூசுவோம். பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்ப்பது என் வேலை. பூச்சு டேப்போடு வந்தால் பெயில். பூச்சைக் காயவைக்கிற விளக்குப் பழசாகிவிட்டது என்று முதலாளி பௌஸி ஹாஜியாரிடம் மூன்றாம் தடவையும் சொன்னேன். "புதுசு சிங்கப்பூர்ல இருந்து வருது தங்கச்சி" என்றார். போன வருடமும் வந்துகொண்டுதான் இருந்தது.

வெள்ளவத்தை அறைக்குத் திரும்பினால், தம்பி யோகன் கட்டிலில் கிடந்து சுவரைப் பார்க்கிறான். வவுனியாவிலிருந்து வந்து ஐந்து மாதம். வேலை தேடு என்றால், "லண்டன் போற அலுவல் சரிவரட்டும் அக்கா" என்கிறான். எரிச்சல்தான் வருகிறது.

15.2.98
யோகனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

விடிய ஐந்து மணிக்கு எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பொலிஸ் செக்கிங். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவைக் காட்டினேன். கொழும்பில் என்ன வேலை என்று அவனைக் கேட்டார்கள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாமே — கடை, கந்தோர், என்னவாவது. நான் முந்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், என்னோடு கொட்டாஞ்சேனை அச்சகத்தில் வேலை செய்கிறான் என்று சொல்லிவிட்டேன். நான் ஏன் சொன்னனான்? ஆர் கேட்டது என்னை? இப்போது முதலாளியின் கடிதம் கொண்டுவா என்கிறார்கள்.

16.2.98
ஸ்டேசனில் சாப்பாட்டுப் பார்சலை வாங்கினார்கள். ஆளைக் காட்டவில்லை.

17.2.98
ஹாஜியாரிடம் கேட்டேன். அவர் இரக்கமில்லாத மனிதர் இல்லை. எழும்பிப்போய்த் தண்ணீர் எடுத்துத் தந்தார். "தம்பி ஒக்டோபர்ல இருந்து இங்கதான் வேல செய்றார்னு லெட்டர் தாறேன். ஸ்டேசனுக்கும் நானே வாறேன்" என்றார். பிறகு டெஸ்ட் ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். "மூவாயிரம் தாள் நாளைக்குப் போகோணும். நீங்களும் எனக்கொரு உதவி செய்ங்க."

ஏழு வருடத்தில் நான் பெயிலைப் பாஸ் என்று எழுதினதில்லை. அதற்காகவே அச்சடிக்கிறவர்கள் என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. எனக்கு அதில் பெருமைதான்.

எழுதிக் கொடுத்தேன். பாஸ், பாஸ், பாஸ். எழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது. அதுதான் எனக்கு என்மேலேயே கோபம்.

19.2.98
யோகன் வந்துவிட்டான். ஹாஜியார் சொன்னபடியே வந்து, ஸ்டேசன் பெரியவரோடு சிங்களத்தில் சிரித்துக் கதைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். யோகன் குளித்தான், சாப்பிட்டான். முதுகைப் பார்க்க விடமாட்டேன் என்கிறான்.

கடிதம் பொய்யாகிவிடக் கூடாது. பொலிஸ்காரர் எந்த நேரமும் வந்து பார்ப்பார்களாம். திங்கட்கிழமையிலிருந்து அவனும் என்னோடு பஸ் ஏற வேண்டும்.

3.4.98
யோகன் தாள் அடுக்குகிறான். கெட்டிக்காரன்தான். எனக்குத்தான் டெலிபோன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் கீறுகிற பிளேடு நின்றுவிடுகிறது. அந்த மூவாயிரமும் எந்தெந்த வீட்டில் இருக்கிறதோ?

11.6.98
பயந்த முறைப்பாடு வந்துவிட்டது. பூச்சு உரிந்து, சவர்க்காரத் தண்ணீர் பட்டு எழுத்தும் போய்விட்டதாம். எந்தப் பட்டன் எதற்கென்று சனத்துக்குத் தெரியவில்லையாம். மெஷின் கம்பனிக்காரர் ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுவந்தார். கீழே, ஜெகதீஸ்வரி என்று முத்து முத்தாக என் கையெழுத்து.

ஹாஜியார் என்னைப் பார்க்காமல், "இந்தத் தங்கச்சிதான் பிழை விட்டுட்டாங்க" என்றார்.

அவர்தான் எழுதச் சொன்னார் என்று சொல்லலாம்தான். அவர் பதிலுக்கு அந்தக் கடிதம் பொய் என்று சொன்னால்? யோகன் அந்தப் பக்கம் தாளை அடுக்கிக்கொண்டே நின்றான்.

12.6.98
என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். யோகனை நிறுத்தவில்லை. "லெட்டர் பொய்யாகாது தங்கச்சி, நான் பாத்துக்கொள்றேன்" என்று வாசல்வரை வந்து சொன்னார். அவருக்கும் கண் கலங்கினது. அதற்கு நான் என்ன செய்ய?

30.6.98
யோகனை என் மேசையில் இருத்தியிருக்கிறார்களாம். கீறி இழுக்கப் பழக்கினது யார் என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லை. நானாப் பாத்துச் செய்யிறன்" என்றான்.

எத்தனை பெயில்?

சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒண்டுமில்லை அக்கா. எல்லாம் பாஸ்" என்றான்.

சிங்கப்பூர் விளக்கு இன்னும் வந்திருக்காது. அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.